அடக்கிப் பழகியவள்

சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா செண்பகவல்லியின் கையில் காலியாகவே இருந்தது. பொன்னைக் கேட்டார்களா, பொருளைக் கேட்டார்களா, இந்த டப்பாவில் பாதிக்குப் பிள்ளையின் மூத்திரம், அவ்வளவுதான் கேட்டார்கள். அதைக் கொடுக்க வக்கில்லாமல் பாளையங்கோட்டையில் ஒரு லேபின் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று மலை மலையாகச் சேலை பிரித்துப் போட்டு மலை மலையாக மடித்து வைக்கிறவள். மடியில் சுபிக்ஷா சுருண்டு கிடந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை, காய்ச்சலில் கிடக்கும்போது மட்டும் பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி சின்னதாகிவிடுகிறாள். உடம்பு தோசைக்கல்லாகக் கொதித்தது, பாதம் மட்டும் சில்லென்று இருந்தது. பாதம் சில்லிட்டால் காய்ச்சல் இன்னும் ஏறப்போகிறது என்று அர்த்தம், இது செண்பகவல்லிக்கு இப்போது அத்துப்படி. முந்தானையை இழுத்துப் பாதத்தில் சுற்றினாள். டாக்டரம்மா பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், ஊசி மருந்தும் அங்கேதான் இருக்கிறது, ஆனால் இந்த டப்பா நிறையாமல் ஊசி கிடையாது. "ஊசியை முதல்ல போட்டுட்டா எந்தக் கிருமின்னு தெரியாமப் போயிரும்மா. அரை மணி பாருங்க. வரலைன்னா குழாய் விட்டுத்தான் எடுக்கணும்" என்று சொல்லிவிட்டாள். குழாய். எங்கே விடுவார்கள் என்று கேட்க வாய் வரவில்லை, எங்கே என்று தெரியாமலும் இல்லை. லேபில் இருக்கும் பெண், பெயர் ஜெபகனி, சட்டையில் எழுதிக் குத்தியிருக்கிறது, மறுபடி எட்டிப் பார்த்து, "வருதாக்கா?" என்றாள். "இன்னும் இல்லம்மா." "தண்ணி குடுங்க, நிறையக் குடுங்க." கொடுக்காமலா இருக்கிறாள், ஒரு மடக்குக் கொடுத்தால் ஒன்றரை மடக்காகத் திரும்பி வருகிறது, ஜெபகனி துடைத்த தரையை இவள் மகள் இதோடு மூன்றாம் தரம் நாசம் பண்ணியாயிற்று. அவள் முகம் சுளிக்கவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது.

காய்ச்சல் ஒன்றும் புதிதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வரும் சொந்தக்காரன் மாதிரி மாசத்துக்கு ஒரு தரம் வரும், ரெண்டு நாள் தங்கும், பிள்ளையை உரித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். முதலில் வாந்தி, அப்புறம் நடுக்கம், அப்புறம் கொதிப்பு. முதல் தடவை பள்ளிக்கூட வாசலில் விற்கிற மாங்காயைத் திட்டினாள். அடுத்த தடவை கல்யாண வீட்டுச் சாப்பாட்டை. அதற்கடுத்து யார் கண் பட்டதோ என்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள், மிளகாய் நெடி வரவில்லை, வராவிட்டால் திருஷ்டி உண்டு என்பார்களே, ஆகவே நிம்மதியாக இருந்தது, காரணம் கிடைத்துவிட்டால் பாதிச் சீக்கு போன மாதிரிதான். பேட்டையில் ஓர் அம்மாள் தொக்கம் எடுக்கிறாள். தின்ற எதுவோ வயிற்றில் சிக்கிச் செரிக்காமல் கிடப்பதுதான் வாந்திக்கும் காய்ச்சலுக்கும் காரணம் என்று பிள்ளையின் வயிற்றை நீவி, தொண்டையைத் தடவி ஊதி, உள்ளே சிக்கியதை வெளியே எடுத்து உள்ளங்கையில் காட்டுவாள். ஒரு தரம் பரோட்டாத் துணுக்கு காட்டினாள். பிள்ளை பரோட்டா தின்று ரெண்டு மாசம் ஆகியிருந்தது, செண்பகவல்லிக்கு அது அப்போதே உறைத்தது, உறைத்ததை அப்போதே விழுங்கியும் விட்டாள், ஏனென்றால் மறுநாள் காய்ச்சல் விட்டுவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மருந்துக்கடைத் தம்பி கொடுத்த ரோஸ் கலர் சிரப்பும் கூடவே உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தது. காய்ச்சல் விட்டதும் சிரப்பை நிறுத்திவிடுவாள், நல்லா இருக்கிற பிள்ளைக்கு எதுக்கு மருந்து, மீதி பிரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கும், அடுத்த மாசத்துக்கு ஆச்சு. இன்று காலையில் அதைக்கூடக் கொடுத்துப் பார்த்தாள், கொடுத்ததை டாக்டரம்மாவிடம் சொன்னாளா? சொல்லவில்லை. சொல்ல வேண்டுமோ? அதுதான் அத்தனையும் வாந்தியில் வந்துவிட்டதே, வெளியே வந்ததற்கு என்ன கணக்கு. ஆனால் ஒரு துளி உள்ளே தங்கியிருந்தால், அந்தத் துளியில் கிருமி ஒளிந்துகொண்டால். முதுகில், இடுப்புக்கு மேலே, டாக்டரம்மா லேசாகத்தான் தட்டினாள். பிள்ளை கத்திய கத்தலில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "கிட்னி வரைக்கும் போயிருக்கும்னு நினைக்கேன். இப்படி வந்து வந்து போனா தழும்பு விழுந்துரும்மா, விழுந்தா விழுந்ததுதான்." வயிற்றில் சிக்கியிருக்கிறது என்று இத்தனை மாசம் முன்பக்கமாகவே தடவிக்கொண்டிருந்திருக்கிறாள், அது பின்பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளையைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. அந்தப் பார்வைதான். டாக்டரம்மா இன்னும் ஒரு கேள்வி கேட்டாள், சும்மா பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள், "ஸ்கூல்ல ஒழுங்கா ஒண்ணுக்குப் போவாளா?" செண்பகவல்லி சொன்ன பதில் இன்னும் காதிலேயே நிற்கிறது. "ஸ்கூல்ல போகவே மாட்டா டாக்டர். காலைல வீட்டுல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். எவ்வளவு வந்தாலும் அடக்கிக்கிடுவா. நல்ல பிள்ளை." சிரித்துக்கொண்டே சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை, பரிசு வாங்கின பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்தப் பள்ளிக்கூடக் கக்கூசைப் பார்த்திருக்கிறீர்களா, கதவில் தாழ்ப்பாள் இல்லை, ஒரு பிள்ளை உள்ளே போனால் இன்னொரு பிள்ளை வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் காலையில் வந்தால் மத்தியானம் நின்றுவிடும், வேன் டிரைவரும் வாட்ச்மேனும் அந்தப் பக்கம்தான் பீடி குடிக்கிறார்கள், பேப்பரில் தினம் என்னென்ன போடுகிறான், பெண்ணைப் பெற்றவள் வேறு என்ன செய்வாள். எல்.கே.ஜி.யில் சேர்த்த அன்றே காதில் ஓதிவிட்டாள். வெளிய எங்கயும் போவக் கூடாது ளா, அடக்கிக்கிடணும், பொம்பளைப் பிள்ளை பழகிக்கிடணும். தண்ணீர் பாட்டிலில் பாதிதான் ஊற்றுவாள், குடித்தால்தானே வரும். ஒரு நாள் வேனைவிட்டு இறங்கி வாசலிலேயே பாவாடையை நனைத்துவிட்டது பிள்ளை, முதுகில் ரெண்டு வைத்தாள், வேன் பிள்ளைகள் பார்க்கப் பார்க்க. அதற்கப்புறம் நனைத்ததே இல்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பார்கள், இவள் ஐந்துக்கு முன்னாலேயே வளைத்துவிட்டாள், வளைந்தும் விட்டது, இப்போது இந்த பெஞ்சில் உட்கார்ந்து நிமிர்த்தப் பார்க்கிறாள். செண்பகவல்லிக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கடையில் பெண்களுக்கான கக்கூஸ் மொட்டை மாடியில் இருக்கிறது. வாடிக்கையாளரை விட்டுவிட்டு மாடி ஏறினால் இறங்கும்போது சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார், ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார், அவ்வளவுதான். வேலைக்கு வந்த புதிதில் அழுகையாக வந்தது. இப்போது அவளிடம் புதுப் பெண்கள் வந்து, எப்படிக்கா தாங்குதிய என்று கேட்கிறார்கள், தண்ணி குடிக்காதீங்க ளா என்று யோசனை சொல்லுகிற நிலைக்கு உயர்ந்திருக்கிறாள். அடிவயிற்றில் எரிகிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. எல்லாருக்கும் எரியும்தானே.

போன் அடித்தது. அவிய, சுபிக்ஷாவின் அப்பா. திருவனந்தபுரத்தில் டைல்ஸ் வேலையில் இருக்கிற வேல்துரைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். "இப்பம் எப்படி இருக்கா?" பின்னால் கல் அறுக்கிற மிஷின் சத்தம். "அப்படியேதான். டெஸ்டுக்கு எழுதியிருக்காவ." "தொக்கம் எடுத்துப் பாத்தியா?" "அது தொக்கம் இல்லையாம்." "பின்ன என்னவாம்?" என்னவென்று சொல்வது. கிட்னி என்கிற வார்த்தையைச் சொன்னால் அந்த மனுஷன் கொத்துக்கரண்டியை அப்படியே போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவான், அதுவும் வேண்டும்தான், வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வந்தால் கேட்பான். எதனால வந்துச்சுன்னு டாக்டர் சொன்னாவ என்று கேட்பான். கோபக்காரன் இல்லை, அவன் சும்மாதான் கேட்பான். "யூரின்ல ஏதோ கிருமியாம்" என்றாள். "அட, அவ்வளவுதான, நான் பயந்தே போனேன்" என்று வேல்துரை சிரித்தான், சிரிப்புச் சத்தத்தில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிற ஓசையும் கேட்டது. "பிள்ளைட்ட போனைக் குடு." காதில் வைத்தாள். சுபி கண்ணைத் திறக்காமல் "ம்" என்றாள், "ம்" என்றாள், மூன்றாவது "ம்" பாதியில் நின்று உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. பல் கிட்டிக்கொண்டது. செண்பகவல்லி போனை அணைக்கக்கூட இல்லாமல் பெஞ்சில் போட்டுவிட்டுப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள், இறுக்கினால் நடுக்கம் தன் உடம்புக்கு மாறிவிடும் என்கிற மாதிரி, மாறினால் எவ்வளவு நல்லது. "ஹலோ, ஹலோ" என்று பெஞ்சு கொஞ்ச நேரம் கூப்பிட்டது. அப்புறம் நின்றுவிட்டது.

நடுக்கம் அடங்கியதும் பிள்ளையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு, "ஒரு நிமிஷம் பாத்துக்கிடும்மா" என்று ஜெபகனியிடம் சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போனாள். டப்பாவும் கையோடு போயிற்று. அது தெரிந்து நடந்ததா தெரியாமல் நடந்ததா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது போனது, வயிறு கல் மாதிரி இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டாள். சுத்தமான பாத்ரூம், பினாயில் வாடை, மூலையில் வாளி, தேய்த்துத் தேய்த்து வெளிறிப்போன தரை. சிவப்பு மூடியைத் திருகி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பாதி டப்பாதான். இதில் என்ன பெயரா எழுதியிருக்கிறது, தாய் மூத்திரத்துக்கும் மகள் மூத்திரத்துக்கும் நிறத்திலா வித்தியாசம். கொடுத்துவிட்டால் குழாய் கிடையாது. முன்பின் தெரியாத நாலு பேர் பிள்ளையின் காலை விரித்துப் பிடிக்க மாட்டார்கள். உடனே ஊசி போட்டுவிடுவார்கள், நல்ல ஊசி, எல்லாவற்றையும் கொல்லுகிற ஊசியாகத்தானே இருக்கும். இதெல்லாம் மேலே மிதந்த யோசனை. அடியில் இன்னொன்று கிடந்தது, அதை அவள் நேராகப் பார்க்கவில்லை, ஆனால் அது அவளைப் பார்த்தது. ஒன்றுமில்லைம்மா, யூரின்ல ஒரு குறையும் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான், கூட்டிட்டுப் போங்க. இந்த வார்த்தைகளை அந்த டாக்டரம்மா வாயால் ஒரு தடவை கேட்க வேண்டும். பார்த்தாளே ஒரு பார்வை, அதை அவளே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இன்று ஒரு நாள் ராத்திரி தன்னால் இல்லை என்று நினைத்துக்கொண்டு தூங்க வேண்டும். அதற்கு விலை என்ன? பிள்ளையின் கிட்னிதான் விலை. அப்படியும் டப்பா கையைவிட்டு இறங்கவில்லை, குந்தினாள், சேலையைத் தூக்கினாள், அப்போதும் என்ன நினைத்தாள் என்றால் முதலில் வருகிறதை விட்டுவிட்டு நடுவில் வருகிறதைப் பிடிக்க வேண்டும் என்று ஜெபகனி சொல்லிக்கொடுத்தாளே, அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. கல்லாகக் கனக்கிற வயிறு, ஒரு சொட்டு வரவில்லை. வெளி இடம், அந்நியக் கதவு, அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம். உடம்பு பழக்கத்தை விடவில்லை, எசமானி உத்தரவு போட்டாலும் கேட்கிற நாள் தாண்டிப் போயிருந்தது. "அக்கா, பிள்ளை திரும்பக் கக்கிட்டா, வாங்கக்கா" என்று ஜெபகனி கதவைத் தட்டினாள். எழுந்த வேகத்தில் டப்பா வாளிக்குள் விழுந்தது. கடவுளே, நல்லவேளை, என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

ஜெபகனி வேறு டப்பா எடுத்துக் கொடுத்தாள். பக்கத்து அறையிலிருந்து நர்ஸ் வந்து, அரை மணி ஆயிருச்சு, டாக்டர் குழாய் போட எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்க, என்றாள். "அஞ்சு நிமிஷம். ஒரே ஒரு தரம் பாக்கேன்" என்று செண்பகவல்லி கையெடுத்துக் கும்பிட்டாள், கும்பிடுகிற அளவுக்கு நர்ஸுக்கு வயசில்லை, அவள் பதறி, சரி சரி என்றாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். தலை துவண்டு தொங்கியது, மூச்சு கழுத்தில் சுட்டது. பாத்ரூமுக்குள் இறக்கி உட்காரவைத்ததும் சுபி கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், அம்மாவை முகத்துக்குக் கீழே, சேலையை மட்டும் பார்த்தாள். கடையில் கொடுக்கிற நீலக்கரை யூனிஃபார்ம் சேலை, பள்ளிக்கூடத்து மிஸ்கள் கட்டுகிறது மாதிரியே, காலையில் வேலைக்குக் கிளம்பியவள் அப்படியே வந்திருந்தாள். "பெல் அடிச்சாச்சா மிஸ்?" என்றாள் பிள்ளை. காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது, பிள்ளை வேறெங்கேயோ இருக்கிறாள். "அம்மாடி, ஒண்ணுக்குப் போ தாயி." சுபி தலையை ஆட்டினாள், வரவில்லை என்று இல்லை, மாட்டேன் என்று. ரெண்டு தொடையையும் சேர்த்து இறுக்கிக்கொண்டாள், நெற்றி நரம்பு புடைத்தது, வலிக்கிறது, வலித்தும் விடமாட்டேன் என்கிறாள், என்ன வைராக்கியம், யார் பிள்ளை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால் வரும் என்பார்கள். வரவில்லை. ஸ்ஸ்ஸ் என்று சொல்லிப் பார்த்தாள், தொட்டில் பிள்ளைக்குச் சொல்வது போல. முதுகைத் தடவினாள். "போ ளா, போயிரு, ஒண்ணும் இல்ல, எல்லாரும் போறதுதான்" என்றாள். எல்லாரும் போகிறதுதான். சொன்னவள் போயிருக்கிறாளா? பிள்ளை என்றைக்காவது பார்த்திருக்கிறதா? திருச்செந்தூருக்குப் போய் வருகிற வழியெல்லாம், கல்யாண வீடுகளில், பஸ் ஸ்டாண்டில், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற அம்மாவைத்தானே பார்த்து வளர்ந்திருக்கிறது. செண்பகவல்லி யோசிக்கவில்லை. கதவைத் தாழ்கூடப் போடவில்லை. பிள்ளைக்கு எதிரில் அந்த ஈரத்தரையில் சேலையைத் தூக்கிக் குந்தினாள், பிள்ளையின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். முக்கினாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முருகா, ஒரு சொட்டு. முதலில் எரிச்சல் வந்தது, மிளகாய் அரைத்த கையை வைத்த மாதிரி, அப்புறம் ஒரு சொட்டு, அப்புறம் விட்டு விட்டுக் கொஞ்சம், அப்புறம் சடசடவென்று நிற்காமல். தரையெல்லாம் ஓடியது. நர்ஸுக்குக் கேட்கும், வரிசையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கும், கேட்கட்டும். கண்ணைத் திறந்தபோது சுபி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. இறுக்கியிருந்த தொடை கொஞ்சம் கொஞ்சமாக விலகியது. முனகினாள். வந்தது.

நூல் மாதிரி வந்தது, நின்று நின்று வந்தது, ஒவ்வொரு தரம் வரும்போதும் பிள்ளை செண்பகவல்லியின் தோளில் நகத்தைப் பதித்தாள். முதலில் வந்ததை விட்டுவிட்டு டப்பாவை நீட்டினாள். பாதி டப்பாவிலும் பாதி கையிலுமாக விழுந்தது, கை சுட்டது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக இருந்தது, அடியில் சிவப்பாக ஒரு இழை. பார்த்தாள். பார்க்காமல் இருக்க இனி முடியாது. மூடியைப் போட்டுத் திருகினாள். சுபி அப்படியே சரிந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சூடான வாயைக் காதோடு வைத்துக்கொண்டாள். "மிஸ்" என்றாள். "எங்கம்மாட்ட சொல்லிராதீங்க மிஸ்." செண்பகவல்லி ஒரு கையால் அவளைத் தாங்கிப் பிடித்தாள். "நான் பாத்ரூம் போனேன்னு சொல்லிராதீங்க. அடிப்பா." குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. செண்பகவல்லி டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு, அந்த முதுகை, டாக்டரம்மா தட்டிய இடத்தைத் தொடாமல், தடவினாள்.

"சொல்ல மாட்டேன்மா" என்றாள். "இன்னும் இருந்தா போயிரு."